ஊசி போட்டு அனுப்பிவிடக் கூடாதா? மருத்துவர் உதவியுடன் மரணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரத்துக் கிராமங்களிலும் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் குழுவொன்றில் நான் தன்னார்வலராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. புண்ணுக்குக் கட்டுப் போடவும், உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கவும், பிள்ளைகளுக்கும் மருத்துவருக்கும் நடுவே அலையவும் தெரியும். கீழே உள்ளவை திண்ணையிலும் வாசற்படியிலும் கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது; அதை மறைக்க முயலவில்லை.

மருத்துவர் உதவியுடன் தற்கொலை, கருணைக்கொலை இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. கடைசிச் செயலை யார் செய்கிறார் என்பதில்தான் வேறுபாடு. உயிரை முடிக்கும் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்து, நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொண்டால் அது மருத்துவர் உதவியுடன் தற்கொலை. மருத்துவரே ஊசி போட்டால் கருணைக்கொலை. இனிப் பயனில்லை என்று தெரிந்துவிட்ட வென்டிலேட்டரை நிறுத்துவதோ, தொடங்காமலே விடுவதோ மூன்றாவது வகை. இதைச் செயலற்ற கருணைக்கொலை என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இதில் உயிரை எடுப்பது நோய். மனிதர்கள் குறுக்கே நிற்காமல் விலகிக்கொள்கிறார்கள்.

நம் ஊர்ப் பேச்சில் மூன்றும் கலந்துவிடுகின்றன. "உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டதே" என்று யாராவது சொன்னால், அனுமதிக்கப்பட்டது மூன்றாவது மட்டும்தான் என்று சொல்லுங்கள்.

இந்தியாவில் ஒரு மருத்துவர் உதவினால் என்ன ஆகும்?

வழக்கு வரும். தற்கொலைக்குத் துணைபோவது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 108-ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 306-ஆம் பிரிவாக இருந்தது. ஊசி போட்டவருக்கு நிலைமை இன்னும் கடினம். நோயாளி வயதுவந்தவர், தானே சம்மதித்தவர் என்றால் கொலை என்ற பிரிவிலிருந்து ஒரு படி இறங்கும். ஆனால் குற்றம் குற்றமே. மகனோ மகளோ செய்தாலும் இதுதான் சட்டம்.

தற்கொலை முயற்சியே இப்போது குற்றமில்லை என்கிறார்களே?

நீண்ட இழுபறிக்குப் பிறகு வந்த மாற்றம் அது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு செல்லாது என்று 1994-இல் பி. ரத்தினம் வழக்கில் சொன்னது உச்ச நீதிமன்றம். 1996-இல் கியான் கவுர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை மாற்றி, வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்றார்கள். 2017-இன் மனநலச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணியவைப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக இருக்கிறது. முயன்றவரைத் தண்டிக்காமல் விட்டதால் உதவியவரும் தப்பிவிடலாம் என்று பொருள் இல்லை.

எந்தெந்த நாடுகளில் இது சட்டப்படி நடக்கிறது?

சுவிட்சர்லாந்து இதில் மூத்தது. சுயநல நோக்கத்தோடு உதவினால் மட்டுமே குற்றம் என்ற சட்டம் அங்கே 1942 முதல் இருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1994-இல் மக்கள் வாக்களித்த சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் இறப்பார் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும்; நோயாளி வாயாலும் கேட்க வேண்டும், எழுத்திலும் கேட்க வேண்டும். நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002-இல் மருத்துவர் ஊசி போடுவதையே அனுமதித்தன. கனடா 2016, ஸ்பெயினும் நியூசிலாந்தும் 2021. பிரிட்டனின் மக்களவை 2025 ஜூனில் 314-க்கு 291 என்ற கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பியது.

வலி தாங்க முடியாதவர்களுக்காகத்தானே இந்தச் சட்டம்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் ஆரிகனில் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், மருந்து கேட்டவர்கள் சொன்ன காரணங்களில் வலி முதலில் வருவதே இல்லை. தன் விருப்பப்படி இருக்க முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, மானமாக இருக்க முடியவில்லை என்பவைதான் முன்னே நிற்கின்றன. மருந்தை வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதை எடுத்துக்கொள்ளாமலேயே இறந்திருக்கிறார். பெட்டிக்குள் இருக்கிறது என்ற தைரியமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

நம் பக்கத்தில் கதை வேறு. இங்கே வலிதான் முதலில் நிற்கிறது, ஏனென்றால் அதற்கு மருந்தே போய்ச் சேரவில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு பெரியவருக்குத் தாடையில் புற்றுநோய். புண்ணின் வாடை தாங்காமல் கட்டிலை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். மருமகள் தட்டை வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார். அவரால் பேச முடியாது. பேரனின் சிலேட்டில் "ஊசி போட்டு அனுப்புங்கள்" என்று எழுதிக் காட்டினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் வாடை அடங்கும். இது எங்கள் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது. நர்ஸ் அதைச் செய்து, மருத்துவர் மார்ஃபின் மாத்திரையை நேரப்படி கொடுக்கத் தொடங்கிய பிறகு கட்டில் திண்ணைக்கு வந்தது. அடுத்த முறை போனபோது சிலேட்டில் அவர் எழுதியது மருமகளைப் பற்றிய புகார்: காப்பியில் சர்க்கரை போடுவதில்லையாம்.

எல்லோருக்கும் இப்படி மனம் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். மாறாதவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள், அடிமையாகிவிடுவார்கள் என்கிறார்களே?

வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுத்தால் இரண்டும் பயப்படும்படியானவை அல்ல. நிச்சயமாக வரக்கூடியது மலச்சிக்கல். அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள். மாத்திரை விலை குறைவு, கிடைப்பதுதான் கடினம். 1985-இன் போதைப்பொருள் சட்டத்தில் இருந்த கெடுபிடிகளால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் அதைக் கைகழுவிவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். வரைபடத்தில் தேனியைத் தாண்டினால் கேரளம். வலி நிவாரணத்தில் மட்டும் அந்த மலை இன்னும் உயரமாகத்தான் நிற்கிறது.

நம் பக்கத்துத் தலைக்கூத்தலும் இதுவும் ஒன்றுதானே? அதைத்தானே சட்டமாக்கக் கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இரண்டு வகை. "அது காட்டுமிராண்டித்தனம், இது விஞ்ஞானம்" என்று முடித்துக்கொள்ள விரும்புபவர்கள் ஒரு வகை. "வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறான், நம் பாட்டன் அப்போதே செய்தான்" என்று பெருமைப்படுபவர்கள் இன்னொரு வகை. இரு வகையோடும் எனக்கு உடன்பாடில்லை.

தலைக்கூத்தல் என்பது மதுரை, விருதுநகர், தேனி மாவட்டங்களில் சில கிராமங்களில் இருந்துவந்த பழக்கம். கிடையில் விழுந்த முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் கண்டு போய்ச் சேரவிடுவது. நாள் குறிப்பார்கள், வெளியூரில் இருக்கும் மகளுக்குச் சொல்லியனுப்புவார்கள். இறந்தபின் காவல் நிலையத்துக்குப் போகிற பேச்சே இருக்காது. "வயதாகிவிட்டது" என்பதோடு முடிந்துவிடும். 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு முதியவர் தனக்கு நாள் குறித்திருப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பி ஓடிய பிறகுதான் இது பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது.

அவர் ஓடினார் என்பதை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். ஆரிகன் சட்டமோ சுவிட்சர்லாந்துச் சட்டமோ ஒரே ஒரு காலில்தான் நிற்கிறது: நோயாளி தானே கேட்க வேண்டும். தலைக்கூத்தலில் முடிவெடுப்பது வீடு. அதனால் சட்டப்படி இரண்டும் ஒன்றல்ல, இது கொலை.

ஆனால் இரண்டையும் பிரிக்கும் சுவர் நம் வீடுகளில் எவ்வளவு மெலிதானது என்று பார்க்க வேண்டும். மகன் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அம்மாவுக்கு மலம் அள்ள மருமகள் வீட்டில் இருந்தால் அவளுடைய நூறு நாள் வேலை போய்விடும். முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் மாதம் 1,200 ரூபாய் ஆனது. அது பெரியவர்களுக்கான டயப்பருக்கே போதாது. இந்த வீட்டில் கிழவி "எனக்கு எதற்கு இந்தச் செலவு, என்னைக் கொண்டுபோய்விட்டால் நன்றாக இருக்கும்" என்று சொன்னால், அது அவளுடைய விருப்பமா, வீட்டின் கணக்கைத் தன் வாயால் வாசிக்கிறாளா? இரண்டு மருத்துவர்கள் உட்கார்ந்து பேசினாலும் இதைப் பிரித்தறிய முடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பத்து நிமிடத்தில் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் நிச்சயமாக முடியாது.

நோயாளிதானே கேட்க வேண்டும்? கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே?

நம் ஊரில் நோயாளிக்குத் தன் நோயின் பெயரே தெரியாது. ஃபைலில் புற்றுநோய் என்றிருக்கும். அவரைக் கேட்டால் "அல்சர்" என்பார். வாசலிலேயே மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் சார், தாங்க மாட்டார்" என்பான். மருத்துவர் வராந்தாவில் மகனிடம் பேசுவார், மகன் மாமாவிடம் பேசுவான், மாமா முடிவு செய்வார். கட்டிலில் கிடப்பவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அவருக்கும் தெரியும். பிள்ளைகள் வருந்தக் கூடாது என்று தெரியாததுபோல் நடிப்பார். எல்லாம் பாசம்தான், சந்தேகமில்லை.

ஆனால் தன் உடம்புக்கு என்ன என்று கேட்கக்கூட இடம் கொடுக்காத வீட்டில், "எனக்குச் சாவைக் கொடு" என்று கேட்கும் உரிமையை எந்தச் சட்டம் எப்படிப் பாதுகாக்கும்? முதல் உரிமை தெரிந்துகொள்ளும் உரிமை. அதற்கு நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. மருத்துவர் வராந்தாவிலிருந்து கட்டிலுக்கு நடந்தால் போதும்.

உச்ச நீதிமன்றம் எதைத்தான் அனுமதித்திருக்கிறது?

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமல் 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவரை விடுவிக்கக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அருணாவைப் பொறுத்தவரை கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காக்கும் கருவியை விலக்கலாம் என்று பொதுவழி திறந்தது. அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்கள் அவர் சாகக் கூடாது என்று நின்றார்கள். அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ஒரு நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தகைய செயல் என்று புரியும். 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று, காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்றார்கள். பயனற்ற சிகிச்சையை மறுக்கலாம், அதை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம்; அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர்தான் "லிவிங் வில்". மருந்து கொடுத்து உயிரை முடிப்பதற்கு அந்தத் தீர்ப்பிலும் இடமில்லை.

அந்த "லிவிங் வில்" எழுதுவது எப்படி?

2018-இல் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கினார்கள். வயதுவந்த, தெளிவான மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசடட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காகப் பேச வேண்டியவர்களின் பெயரை அதில் குறிப்பிட வேண்டும். ஒரு பிரதியை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் உரிய அதிகாரியிடம் கொடுக்க வேண்டும்; குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கும் ஒன்று.

நேரம் வரும்போது மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு முதலில் பார்க்கும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரையும் சேர்த்து இன்னொரு மூவர் குழு பார்க்கும். கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டுச் சிகிச்சையை விலக்கலாம். மறுத்தால் உயர் நீதிமன்றம். நமக்கு ஒத்தக்கடை பக்கம் மதுரைக் கிளையே இருக்கிறது. லிவிங் வில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு இதே இரு குழுக்கள் வழியாக முடிவெடுக்கலாம்.

"அபசகுனம்" என்று எழுத மறுப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. சொத்துக்கு உயில் எழுதும்போது யாரும் அபசகுனம் பார்ப்பதில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஐ.சி.யு.விலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப் போகிறோமே, அது என்ன?

சட்டத்தின் கண்ணில் அதற்குப் பெயர் சொந்தப் பொறுப்பில் டிஸ்சார்ஜ். நடப்பது நமக்குத் தெரியும். தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிக் கட்டி நகை அடகுக்குப் போன பிறகு, "இனி எங்களால் முடியாது" என்று குடும்பம் சொல்லும். ஒரு தாளில் கையெழுத்து. ஆம்புலன்ஸில் ஓர் உதவியாளர், கையால் அழுத்தி மூச்சுக்காற்று செலுத்தும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வருவார். மதுரையிலிருந்து உசிலம்பட்டி வரை, செக்கானூரணியில் ரயில்வே கேட் போட்டால் அங்கேயும் அழுத்திக்கொண்டே. வீட்டில் நடுக்கூடத்தில் பாய் விரித்திருக்கும். எல்லோரும் வாயில் பால் விட்ட பிறகு குழாயை எடுப்பார்கள். மூச்சுத் திணறும். அதைக் குறைக்க ஒரு சொட்டு மருந்தும் அந்த வீட்டில் இருக்காது.

சட்டம் தந்த வழியில் போயிருந்தால் இதே குழாயை மருத்துவமனையிலேயே, மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுத்து, பிள்ளைகள் பக்கத்தில் இருக்க எடுத்திருக்கலாம். பல மருத்துவமனைகள் அந்தக் குழுக்களை அமைப்பதே இல்லை. வழக்கு வருமோ என்ற பயம் ஒரு காரணம், அக்கறையின்மை இன்னொன்று. கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதற்கென ஆணை போட்டது. புதிய சட்டம் கேட்டு ஊர்வலம் போவதற்கு முன் இருக்கும் தீர்ப்பை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஒரு மனு எழுதலாம் என்பது என் எண்ணம்.

வடக்கிருந்து உயிர் விட்டார்களே நம் முன்னோர்? சமணர்களும் செய்தார்களே?

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அவனை நேரில் பார்த்தே இராத பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் தேடி வந்து பக்கத்தில் அமர்ந்தார். செஞ்சிப் பக்கம் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து இறந்ததைக் கல்வெட்டே சொல்கிறது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சமணர்களின் இந்த நோன்பைக் குற்றமாக்கியது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளைப் பார்த்தவர்களுக்கு இது அன்னியமாகத் தெரியாது. ஆனால் மானத்துக்காகவும் துறவுக்காகவும் உயிர் விட்ட அரசனையும் முனிவரையும் காட்டி, பக்கவாதத்தில் கிடக்கும் கருவேலங்காட்டுக் கூலிக்காரருக்குச் சட்டம் எழுதக் கூடாது.

கடுமையான கட்டுப்பாடுகளோடு கொண்டுவந்தால்?

கட்டுப்பாடுகள் இருந்த இடத்திலேயே இருக்குமா என்பதுதான் கேள்வி. கனடா 2016-இல், மரணம் நெருங்கியவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2021-இல் அந்த நிபந்தனை போனது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்கும் நீட்டிப்பது 2027 மார்ச் வரை தள்ளிப்போடப்பட்டது. 2023-இல் அங்கே 15,343 பேர் இவ்வழியில் இறந்தார்கள். அந்த ஆண்டின் மொத்த மரணங்களில் 4.7 சதவீதம். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல அங்கே கடுமையாக எதிர்க்கின்றன: வாழ்வதற்கான உதவியைக் காத்திருக்கவைத்துவிட்டு, சாவதற்கான உதவியை விரைவாகத் தருகிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மறுபக்கம், ஆரிகன் சட்டம் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் ஆறு மாத எல்லையைத் தாண்டவில்லை. ஆகவே சறுக்கல் எல்லா இடத்திலும் தானாக நடந்துவிடும் என்று மிரட்டுவது நேர்மையல்ல.

மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்?

உலக மருத்துவச் சங்கம் 2019-லும் எதிர்ப்பையே உறுதிசெய்தது. நான் பழகும் மருத்துவர்களில் பெரும்பாலோர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அப்படியானால் இந்தச் சட்டம் எப்போதுமே வேண்டாம் என்கிறீர்களா?

இப்போது வேண்டாம் என்கிறேன். எப்போதும் என்று சொல்ல என்னைத் தடுப்பவர் ஒரு தையற்காரப் பெண்மணி. நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். முதலில் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை, பிறகு நடக்க, பிறகு விழுங்க. வலி இல்லை. வீட்டில் யாரும் அவரைப் பாரமாக நினைக்கவில்லை. கணவர் பார்த்துக்கொண்டது போல் பார்க்க எங்கள் குழுவில் பயிற்சி பெற்றவர்களாலும் முடியாது. நோயைப் பற்றி எல்லாம் அவருக்குத் தெரியும். "இதற்கு மேல் வேண்டாம் அண்ணா, கேட்பதற்கு எனக்கு உரிமை இல்லையா?" என்று குழறிக் குழறிக் கேட்டார். மேலே நான் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை இருக்கிறது என்றேன். "அது தெரியும். அதுவரை?" என்றார்.

அவருக்காகச் சட்டம் எழுதினால் அதே சட்டம் மாட்டுக்கொட்டகைக் கட்டில்களுக்கும் பொருந்தும். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் எதிர்க்கிறேன். அந்தப் பெண்மணிக்கு அது நியாயமான பதில் ஆகாது என்பதும் தெரிந்தே எதிர்க்கிறேன்.

வீட்டில் ஒருவர் "செத்துவிடலாம் போலிருக்கிறது" என்கிறார். என்ன செய்வது?

"அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்: வலியா, தூக்கமில்லையா, மூச்சு வாங்குகிறதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, பணக் கவலையா? 2022-இல் நாட்டில் பதிவான தற்கொலைகளில் 18.4 சதவீதத்துக்குக் காரணம் நோய் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதனால் இந்தப் பேச்சை வெறும் அலுப்பு என்று தள்ளிவிட வேண்டாம். பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், தனியே விடாதீர்கள்.

மன உளைச்சலுக்குப் பேச 14416 (டெலி மானஸ்) அல்லது 104. இரண்டுக்கும் கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். முதியவரை யாராவது துன்புறுத்தினால் 14567. பிள்ளைகள் கைவிட்டால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. வலிக்கும் புண்ணுக்கும் பெரியாஸ்பத்திரியில் கேளுங்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் படுக்கை நோயாளிகளை வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, வராவிட்டால் திரும்பவும் போய்க் கேளுங்கள்.